வித், வில்சன், எல்ஸ்வர்த்: மூன்று பேரில் யாரை முதலில் படிப்பது?

சட்டக் கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள் போன வாரம் போனில் கேட்டாள்: "சித்தப்பா, அமெரிக்கா உருவான காலத்தில் வக்கீலாக இருந்து, சட்டசபைக்குப் போய், அப்புறம் நீதிபதியும் ஆன ஒருத்தரோட வாழ்க்கையை முழுசாப் படிக்கணும், யாரை எடுக்கலாம்?" அவளுக்கு இருப்பது ஒரு செமஸ்டர் விடுமுறை. அதில் ஒருவரைத்தான் ஒழுங்காகப் படிக்க முடியும். போனில் அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை, அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதே கேள்வி வேறு யாருக்காவது இருந்தாலும் உதவும்.

முதலில் இரண்டு பெரிய பெயர்களைத் தள்ளி வைத்துவிடுகிறேன். ஜான் மார்ஷல் 1801 முதல் 1835 வரை 34 வருடம் தலைமை நீதிபதி. அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லலாம் என்ற அவருடைய 1803 மார்பரி வழக்குத் தீர்ப்பு எப்படியும் பாடத்திட்டத்தில் வந்துவிடும், விடுமுறையைச் செலவழித்து அவரைத் தேட வேண்டியதில்லை. ஜான் ஜே முதல் தலைமை நீதிபதிதான், ஆனால் அவர் வாழ்க்கையின் கனம் தூதர் வேலையில் இருக்கிறது. பாரிஸ் உடன்படிக்கை, 1794-இல் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தம் என்று போகும், நீதிமன்றம் நடுவில் கொஞ்சம்தான் வரும்.

மிச்சம் என் கையில் இருப்பவர்கள் மூன்று பேர்: கனெக்டிகட்டின் ஆலிவர் எல்ஸ்வர்த், பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன், வெர்ஜினியாவின் ஜார்ஜ் வித். மூவருமே வக்கீல், சட்டம் இயற்றியவர், நீதிபதி என்ற மூன்று வேலைகளையும் பெயருக்கு இல்லாமல் நிஜமாகவே பார்த்தவர்கள். நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தை. சட்டத்தை எழுதுகிறவர் பிறகு அதே சட்டத்தின் கீழ் ஒரு சாதாரண ஆளாக நிற்க நேர்ந்தபோது என்ன ஆனது? அது யாருடைய வாழ்க்கையில் தெளிவாகத் தெரிகிறதோ அவரைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன்.

எல்ஸ்வர்த்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மூவரில் சிக்கல் குறைந்தவர் அவர்தான். 1745-இல் வின்ட்சர் என்ற ஊரில் பிறந்தார், யேலில் சேர்ந்து, பிரின்ஸ்டனுக்கு மாறி, 1766-இல் பட்டம் வாங்கினார். வக்கீலாகப் பதிவு செய்த முதல் மூன்று வருடத்தில் தொழிலில் வந்த வருமானம் மொத்தமே மூன்று பவுண்டு என்று சொல்வார்கள். நிலத்தில் இருந்த மரத்தை வெட்டி விற்றுக் கடனை அடைத்தார். குதிரை வைத்துக்கொள்ள வசதி இல்லாததால், கோர்ட் இருக்கும் நாளில் வின்ட்சரிலிருந்து ஹார்ட்ஃபோர்டுக்கு நடந்தே போய் நடந்தே திரும்புவார், போக வர 32 கிலோமீட்டர் வரும். நம் ஊரில் சீனியரிடம் பஸ் காசுக்கு யோசித்துக்கொண்டு நிற்கும் ஜூனியர்கள் இந்த இடத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும். சில வருடங்களிலேயே அந்த வட்டாரத்தின் பெரிய வக்கீல்களில் ஒருவராகிவிட்டார். பின்னால் அகராதி எழுதிப் பெயர் வாங்கிய நோவா வெப்ஸ்டர் இவர் வீட்டில் தங்கித்தான் கொஞ்ச காலம் சட்டம் படித்தார்.

1787-இல் அரசியலமைப்பை எழுதக் கூடிய பிலடெல்ஃபியா மாநாட்டில், பெரிய மாநிலங்களுக்கும் சின்ன மாநிலங்களுக்கும் சண்டை முற்றியபோது, கீழவைக்கு மக்கள்தொகைப்படி, மேலவைக்கு எல்லா மாநிலத்துக்கும் சமமாக என்ற சமரசத்தை ரோஜர் ஷெர்மனோடு சேர்ந்து நிறைவேறும் வரை விடாமல் இழுத்துக்கொண்டு வந்தவர் இவர். மாநாடு முடிவதற்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிட்டதால் அரசியலமைப்பில் இவர் கையெழுத்து இல்லை. ஆனால் இவருடைய நிஜமான சாதனை அதற்கு அப்புறம்தான் வருகிறது. அரசியலமைப்பு ஒரு உச்ச நீதிமன்றம் இருக்கும், மற்றதை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. எத்தனை நீதிபதிகள், கீழே எத்தனை நீதிமன்றங்கள், எந்த வழக்கு எங்கே போகும் என்று எதுவும் இல்லை. செனட்டராகப் போன எல்ஸ்வர்த்தான் 1789-ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தில் பெரும்பங்கு எழுதினார். ஆறு நீதிபதிகள், 13 மாவட்டங்கள், மூன்று சுற்று நீதிமன்றங்கள். உச்ச நீதிமன்ற நீதிபதிகளே வருடத்துக்கு இரண்டு முறை குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய் அந்தச் சுற்று நீதிமன்றங்களை நடத்த வேண்டும். ஏழு வருடம் கழித்து, 1796-இல் அவரே தலைமை நீதிபதி ஆனபோது, தான் எழுதிய அந்தச் சேற்றுப் பாதைகளில் தானே பயணம் போனார்.

பிறகு 1799-இல் ஜனாதிபதி ஆடம்ஸ் அவரைப் பிரான்சுக்குத் தூதராக அனுப்ப, நீண்ட பயணமும் சிறுநீரகக் கல்லும் சேர்ந்து உடம்பை முறித்துப் போட்டன. 1800 அக்டோபரில் பிரான்சிலிருந்தபடியே ராஜினாமாக் கடிதம் எழுதினார். ஆடம்ஸ் அந்த இடத்தை ஜேவுக்குக் கொடுத்துப் பார்த்தார், ஜே இந்த அமைப்பில் நீதிமன்றத்துக்கு மரியாதை வராது என்று மறுத்துவிட்டார், அப்படித்தான் அது மார்ஷல் கைக்குப் போனது.

எல்ஸ்வர்த்தின் குறை என்ன? வாழ்க்கை நேர்கோட்டில் போகிறது, அவர் மனதுக்குள் என்ன ஓடியது என்று காட்டும் எழுத்து குறைவு. எனக்கு உறுத்துகிற ஒரு இடமும் உண்டு. அடிமை வாணிபத்தைப் பற்றி மாநாட்டில் பேச்சு வந்தபோது, அவரவர் மாநிலம் விரும்பியதை இறக்குமதி செய்துகொள்ளட்டும், இதில் நாம் தலையிட வேண்டாம் என்று வாதாடினார். நான் அடிமை வைத்திருந்ததே இல்லை, அதனால் அது மனிதர்களின் குணத்தை என்ன செய்யும் என்று என்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். மாநாட்டில் நடந்ததைக் குறித்து வைத்த ஜேம்ஸ் மேடிசனின் குறிப்புகளில் அது பதிவாகியிருக்கிறது. சமரசம் செய்யத் தெரிந்தவரின் திறமையும் அதன் விலையும் அந்த ஒரே பேச்சில் தெரியும்.

ஆக, நீதிமன்றங்களின் அமைப்பு, நடைமுறை, எல்லை வரம்பு இதிலெல்லாம் ஆர்வம் இருந்தால் எல்ஸ்வர்த். வேறு காரணத்துக்காக அவரை எடுக்க வேண்டாம், பாதியில் அலுத்துவிடும்.

வில்சன் அப்படியே எதிர்ப்பக்கம். ஸ்காட்லாந்தில் ஃபைஃப் பகுதியில் 1742-இல் பிறந்த விவசாயி மகன், 1765-இல் கப்பலேறி பிலடெல்ஃபியா வந்து, ஜான் டிக்கின்சனிடம் சட்டம் படித்து, ரெடிங்கிலும் கார்லைலிலும் தொழில் பண்ணி மேலே வந்தவர். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு எங்கள் மீது அதிகாரமே கிடையாது என்று 1774-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1776 சுதந்திரப் பிரகடனம், 1787 அரசியலமைப்பு, இரண்டிலும் கையெழுத்துப் போட்ட ஆறு பேரில் ஒருவர். மாநாட்டில் 168 முறை எழுந்து பேசியிருக்கிறார், அவரைவிட அதிகம் பேசியவர் கவர்னர் மாரிஸ் மட்டும்தான் (கவர்னர் என்பது அவர் பெயர், பதவி இல்லை). ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொன்னவர். மாநிலங்களின் பிரதிநிதித்துவத்துக்காக மக்களை எண்ணும்போது அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைக் கணக்கில் சேர்க்கலாம் என்ற தீர்மானத்தை ஜூன் 11-இல் முன்வைத்தவரும் அவரேதான். இரண்டும் ஒரே தலைக்குள் எப்படி இருந்தன என்று யோசித்தாலே ஒரு வாரம் போய்விடும்.

"மக்களாகிய நாங்கள்" என்று தொடங்கும் முகவுரை நம் அரசியலமைப்பிலும் "இந்திய மக்களாகிய நாம்" என்று வருகிறது இல்லையா, அந்தத் தொடக்கத்தின் முந்தைய வடிவம் வில்சன் கையெழுத்தில் இருக்கும் வரைவுகளில் உண்டு. அதில் மாநிலங்களின் பெயர்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள், கடைசி வடிவத்தில்தான் அந்தப் பட்டியல் போனது. அரசாங்கத்துக்கு மேலே மக்கள் என்பது வில்சனுக்கு அலங்காரப் பேச்சு கிடையாது. 1793-இல், அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது, சிசம் வழக்கு வந்தது. போர்க்காலத்தில் சரக்கு வாங்கிய ஜார்ஜியா மாநிலம் பணம் தரவில்லை. மாநிலத்தின் மேல் தனி ஆள் வழக்குப் போட முடியுமா என்பது கேள்வி. முடியும் என்றார் வில்சன். கொடுத்த வாக்கை மீறுகிற நேர்மையற்ற வியாபாரியை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்றால், நேர்மையற்ற மாநிலத்தை மட்டும் ஏன் இழுக்கக் கூடாது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் ஒரு பக்கம், ஜேம்ஸ் ஐரடெல் மட்டும் மறுத்தார். மாநிலங்கள் கொதித்துப் போய், 1795-இல் பதினோராவது திருத்தத்தைக் கொண்டுவந்து அந்தத் தீர்ப்பையே செல்லாமல் ஆக்கிவிட்டன.

இப்போது பாருங்கள். கடனைத் திருப்பித் தராத வியாபாரியைப் பற்றி அப்படி எழுதிய அதே மனிதர், கடன் மேல் கடன் வாங்கி மேற்கே லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தை வளைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். 1796-97 நெருக்கடியில் எல்லாம் சரிந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருக்கும்போதே நியூ ஜெர்சியின் பர்லிங்டனில் கடனுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். மகன் பணம் புரட்டி வெளியே எடுத்தான். கடன் கொடுத்தவர்கள் கண்ணில் படாமல் தெற்கே வட கரோலைனாவின் ஈடன்டனுக்கு ஓடினார், அங்கேயும் பியர்ஸ் பட்லர் 1,97,000 டாலர் கடனுக்காக அவரைப் பிடித்து உள்ளே போட்டார். அந்த பட்லர் யார் தெரியுமா, அரசியலமைப்பில் வில்சனோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவர். வெளியே வந்த பிறகு நீதிமன்றத்தை ஒட்டிய சத்திரத்தின் அறையில், மலேரியாவும் பக்கவாதமும் வந்து, 1798 ஆகஸ்ட் 21-இல் இறந்துபோனார். வயது 55. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது இளம் மனைவி ஹன்னா. உதவிக்கு வந்தது ஐரடெல் குடும்பம், அதாவது சிசம் வழக்கில் வில்சனை எதிர்த்துத் தீர்ப்பு எழுதிய அதே நீதிபதியின் வீட்டார், ஈடன்டன் அவர்கள் ஊர். அங்கேயே ஐரடெலின் மைத்துனருடைய தோட்டத்தில் புதைத்தார்கள். 1906-இல்தான் எச்சங்களை எடுத்து பிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோனார்கள்.

படிக்கக் கிடைக்கும் பொருள் என்று பார்த்தால் மூவரில் வில்சன்தான் பணக்காரர். 1790-இல் தொடங்கிய சட்ட விரிவுரைகள் இருக்கின்றன, முதல் விரிவுரைக்கு ஜார்ஜ் வாஷிங்டனே வந்து உட்கார்ந்தார். மாநாட்டுப் பேச்சு, தீர்ப்புகள், எல்லாம் அச்சில் உண்டு. ஆனால் நடை கனமானது, கிரேக்கம் ரோமானியம் என்று மேற்கோள் குவியும், ஒரு பக்கத்தை மூன்று தரம் படிக்க வேண்டியிருக்கும். அரசியலமைப்புக் கோட்பாட்டில் ஆய்வு பண்ணப் போகிறவர் என்றால் தயங்காமல் வில்சனை எடுக்கலாம்.

ஆனாலும் அண்ணன் மகளுக்கு நான் சொன்னது ஜார்ஜ் வித். எழுத்தைப் பார்த்தால் 'வைத்' என்று படிக்கத் தோன்றும், உச்சரிப்பு 'வித்'தான்.

1726-இல் வெர்ஜினியாவில் பிறந்தவர். சின்ன வயதில் அப்பா போய்விட்டார், அம்மா சொல்லிக்கொடுத்துத்தான் கிரேக்கம் ஆரம்பித்தார் என்பார்கள். வில்லியம்ஸ்பர்க்கில் பெரிய வக்கீல், காலனிச் சட்டசபை உறுப்பினர். 1762-இலிருந்து ஐந்து வருடம் இவரிடம் ஜூனியராக இருந்து படித்தவர் தாமஸ் ஜெஃபர்சன். சுதந்திரப் பிரகடனத்தில் வெர்ஜினியா பிரதிநிதிகளின் கையெழுத்துகளில் முதலாவதாக இருப்பது இவர் பெயர். அன்று இவர் ஊரில் இல்லை, மற்றவர்கள் மரியாதைக்காக மேலே இடம் விட்டுவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்கள். 1779-இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் அமெரிக்காவின் முதல் சட்டப் பேராசிரியர் ஆனார். வெறுமனே வாசித்துக் காட்டிவிட்டுப் போகாமல், மாணவர்களை வைத்து மாதிரி நீதிமன்றம், மாதிரி சட்டசபை நடத்தினார். இன்று நம் கல்லூரிகளில் மூட் கோர்ட் என்று ஓடுகிறதே, அந்தப் பழக்கத்துக்கு அமெரிக்காவில் வகுப்பறை அமைத்துக் கொடுத்தவர் என்று இவரைச் சொல்லலாம். மார்ஷல் கொஞ்ச காலம் இந்த வகுப்பில் உட்கார்ந்தவர். பின்னால் பெரிய அரசியல்வாதியான ஹென்றி க்ளே சின்னப் பையனாக இவரிடம் குமாஸ்தா, வித்தின் வலது கை கீல்வாதத்தால் முடங்கியதால் தீர்ப்புகளை எழுதிக்கொடுத்தது க்ளேதான்.

நீதிபதியாக, 1782 கேடன் வழக்கில் இவர் எழுதியதைப் படிக்காமல் மார்பரியைப் படிக்கக் கூடாது என்பது என் கட்சி. சட்டமன்றமே எல்லை தாண்டினால், இந்த இருக்கையில் இருந்தபடி அரசியலமைப்பைச் சுட்டிக்காட்டி, இதோ உங்கள் அதிகாரத்தின் எல்லை, இதுவரை வரலாம், இதற்கு மேல் வரக் கூடாது என்று சொல்வேன் என்றார். மார்பரி வருவதற்கு 21 வருடம் முன்னால்.

இதெல்லாம் வரலாற்றுப் பெருமை. நான் இவரை முன்னால் வைப்பதற்குக் காரணம் வேறு.

சுதந்திரத்துக்குப் பிறகு வெர்ஜினியாவின் பழைய சட்டங்களை எல்லாம் திருத்தி எழுத ஒரு குழு போட்டார்கள். கடைசி வரை நின்று வேலை பார்த்தவர்கள் ஜெஃபர்சன், பெண்டில்டன், வித். 1779 ஜூனில் 126 மசோதாக்கள் கொண்ட அறிக்கையை அனுப்பியபோது அதோடு போன கடிதத்தில் கையெழுத்து ஜெஃபர்சனும் வித்தும். மத சுதந்திரச் சட்டம் அதில்தான் இருக்கிறது, எல்லோரும் அதைச் சொல்வார்கள். அதே கட்டில் அடிமைகளைப் பற்றி ஒரு மசோதாவும் இருக்கிறது. வரைந்தது ஜெஃபர்சன். கறுப்பர்களோ கலப்பினத்தவரோ, கறுப்பர்கள் சம்பந்தப்பட்ட வழக்கைத் தவிர வேறெதிலும் சாட்சி சொல்லக் கூடாது என்று காலனிக் காலத்திலிருந்து வந்த விதியை அப்படியே மறுபடி எழுதி வைத்தார்கள். 1785-இல் அது சட்டமானது.

வித் அடிமை முறையை வெறுத்தவர் என்பதில் சந்தேகம் இல்லை. 1787-இல் மனைவி இறந்த பிறகு சமையல்காரி லிடியா பிராட்னாக்ஸை விடுதலை செய்தார், அவர் சுதந்திரப் பெண்ணாகவே இவருடன் ரிச்மண்டுக்கு வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். மைக்கேல் பிரவுன் என்ற கலப்பினச் சிறுவனும் அதே வீட்டில் வளர்ந்தான், வித் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். உயிலில் இருவருக்கும் சொத்து எழுதினார், மைக்கேலின் படிப்பைப் பார்த்துக்கொள்ளும்படி அப்போது ஜனாதிபதியாக இருந்த ஜெஃபர்சனைக் கேட்டுக்கொண்டார். மீதியில் பெரும்பங்கு சகோதரியின் பேரன் ஜார்ஜ் வித் ஸ்வீனிக்கு. மைக்கேல் சிறு வயதில் இறந்துபோனால் அவன் பங்கும் ஸ்வீனிக்குப் போகும். ஸ்வீனி சூதாடி, தாத்தாவின் பெயரில் காசோலையில் கள்ளக் கையெழுத்துப் போட்டவன்.

1806 மே 25, ஞாயிற்றுக்கிழமை காலை. லிடியா பிறகு சொன்னதாக நமக்கு வந்து சேர்ந்த விவரம் இது: ஸ்வீனி சமையலறைக்கு வந்து காபி வேண்டும் என்றான், கெட்டிலை எடுத்துத் தானே ஒரு கோப்பை ஊற்றிக் குடித்தான், ஒரு சின்ன வெள்ளைக் காகிதத்தை அடுப்பில் எறிந்துவிட்டுக் கிளம்பினான். அன்று அந்தக் காபியைக் குடித்த மூன்று பேரும் துடித்து விழுந்தார்கள். மைக்கேல் ஜூன் 1-இல் இறந்தான். எண்பது வயதான வித் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தார். அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது, படுக்கையிலேயே இணைப்பு உயில் எழுதி ஸ்வீனியின் பங்கை ரத்து செய்துவிட்டு, ஜூன் 8-இல் போனார். லிடியா மட்டும் பிழைத்தார்.

கோப்பையைத் தொட்ட கையைப் பார்த்தவர் ஒரே ஒருவர். நீதிமன்றத்தில் அவர் வாய் திறக்க முடியவில்லை, ஏனென்றால் அவர் கறுப்பர், குற்றவாளிக் கூண்டில் நின்றவன் வெள்ளைக்காரன். ஸ்வீனிக்காக வாதாட வந்தவர்கள் வில்லியம் வெர்ட்டும் எட்மண்ட் ராண்டால்ஃபும், இரண்டு பேருமே அந்தக் காலத்துப் பெரிய வக்கீல்கள். மருத்துவர்களும் ஆர்செனிக் விஷம்தான் என்று அடித்துச் சொல்லவில்லை. செப்டம்பரில் நடந்த விசாரணையில் ஜூரி அவனை விடுவித்தது. கள்ளக் கையெழுத்து வழக்கிலும் தண்டனை நிற்கவில்லை.

சட்டப் படிப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நேராக ஒரு வாழ்க்கை கிடைக்காது என்று நான் நம்புகிறேன். வில்சனின் வீழ்ச்சி அவரே தேடிக்கொண்டது, பேராசை. எல்ஸ்வர்த் பட்டது உடம்பு வலி. வித்தின் விஷயத்தில், நல்ல மனிதர் ஒருவர், 126 மசோதாக்கள் கொண்ட கட்டில் ஒன்றை அப்படியே போக விட்டார், 27 வருடம் கழித்து அது திரும்பி வந்து அவர் வீட்டுச் சமையலறைக்குள்ளேயே நின்றது.

இன்னொன்றும் உண்டு. இறப்பதற்குச் சில மாதம் முன்பு இவரிடம் ரைட் குடும்பத்துப் பெண்களின் வழக்கு வந்தது. பாட்டி, மகள், பேத்தி, தாங்கள் செவ்விந்தியப் பெண் வழி வந்தவர்கள், தங்களை அடிமையாக வைத்திருப்பது தவறு என்று வழக்கு. விடுதலை கொடுத்த வித், அதற்கு மேலே ஒரு படி போய், சுதந்திரம் ஒவ்வொரு மனிதருக்கும் பிறப்புரிமை என்று வெர்ஜினியாவின் உரிமைப் பிரகடனமே சொல்கிறது, அடிமை என்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று காரணம் காட்டினார். மேல்முறையீட்டில் விடுதலை நின்றது, காரணம் நிற்கவில்லை. அந்தப் பிரகடனம் கறுப்பர்களுக்குப் பொருந்தாது என்று நவம்பரில் வெட்டி எறிந்தார்கள், வித் செத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

வித்தை எடுப்பதில் ஒரு சிரமம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் கடிதங்களும் குறிப்புகளும் பெரும்பாலும் தொலைந்துவிட்டன. 1795-இல் அவரே வெளியிட்ட தீர்ப்புத் தொகுப்பு இருக்கிறது, மேல் நீதிமன்றம் தன் தீர்ப்புகளை மாற்றியதைக் கடுமையாக விமர்சிப்பார், படிக்கவே சூடாக இருக்கும். வில்லியம் அண்ட் மேரி சட்ட நூலகம் வித்பீடியா என்று ஒரு இணையதளம் வைத்திருக்கிறது, ஒரு விடுமுறைக்குத் தேவையானது எல்லாம் அதில் கிடைக்கும். மற்றதை ஜெஃபர்சன் கடிதங்களிலிருந்து பொறுக்க வேண்டும்.

அவளுக்கு நான் கொடுத்த வரிசை இதுதான்: முதலில் கேடன், அடுத்து 1779 மசோதாக் கட்டில் அந்த ஒரு மசோதா, அப்புறம் ரைட் வழக்கு, கடைசியாக லிடியா 1807 ஏப்ரலில் ஜெஃபர்சனுக்கு அனுப்பிய கடிதம். விஷத்தால் கண் பார்வை மங்கிவிட்டது, பிழைக்க வழியில்லை, உதவி செய்யுங்கள் என்று கேட்கிறார். ஜெஃபர்சன் ஐம்பது டாலர் கொடுக்கச் சொன்னார். அந்தக் கடிதம் இன்னும் இருக்கிறது, அதை அவசரப்படாமல் படி என்று சொல்லியிருக்கிறேன்.